இடப்பக்கக் கைப்பிடி

அத்தியாயம் 4

மனைவி இறந்த பத்தொன்பதாம் நாள், அவளைப் பற்றிய புகாரை இரண்டு பக்கத்துக்கு டைப் அடித்து, மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்த ஒரு கணவரை சர்வேயர் அன்றுவரை பார்த்ததில்லை.

வந்தவருக்கு ஆறடிக்கு மேல் உயரம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. எடை, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அளவீட்டுத் துறையின் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்று ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்னும் எதிரில் இருப்பவர்கள்தான் எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் முகம். தன் பெயரைச் சொல்லவில்லை. "எல்லாரும் சீஃப்னுதான் கூப்பிடுவாங்க" என்றார். அந்த 'எல்லாரும்' இப்போது எத்தனை பேர் என்று சர்வேயர் கேட்கவில்லை.

சர்வேயரும் இப்போது சர்வேயர் அல்ல. நொறுங்கிய கார்களைப் பார்த்து, "இது விபத்தா, வினையா" என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இருபத்திரண்டு வருடம் அறிக்கை எழுதியவர். அதை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு உதவியாளர் ஒரே ஒருவர்: காலமான அண்ணனின் மனைவி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊர் பேசியதையெல்லாம் காதில் வாங்கி, அதற்குச் சம்பளமும் வாங்கியவள்.

"முதலாவது," என்றார் சீஃப். "என் மனைவி வியாழக்கிழமைதோறும் நூலகத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு, அவளோட சின்னக் காரை எடுத்துட்டுப் போவா. இரண்டாவது, அவ நூலகத்துக்குப் போகல. வண்டியோட வெயில் மறைப்புக்குப் பின்னால ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு பார்க்கிங் சீட்டு இருந்தது. எல்லாம் வியாழக்கிழமை. எல்லாம் விளையாட்டரங்கத்துப் பார்க்கிங். நாலு மணிக்கு உள்ளே, அஞ்சு மணிக்கு வெளியே."

"ஓடி விளையாடியிருப்பாங்களோ?" என்றாள் அண்ணி.

சீஃப் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "மூன்றாவது, அவ தனியா இல்ல. வாங்க, காட்டறேன்."

வாசலில் நின்றது பதினான்கு வருடத்துச் சின்னக் கார். பக்கத்து வீட்டு டிரைவரை ஓட்டச் சொல்லி, சீஃப் பின்னாலேயே வாடகை டாக்ஸியில் வந்திருந்தார். அந்த டப்பாவில் அவர் ஏறியதே கிடையாதாம். துறையின் ஜீப்பில் போன உடம்பு.

சர்வேயர் கதவைத் திறந்தார். கண் கூசியது. டேஷ்போர்டின் குறுக்கே ஓடும் பட்டை, கியர் கம்பியின் கழுத்து வளையம், காற்றுத் துவாரங்களின் விளிம்பு, கதவின் தாழ், எல்லாம் நேற்றுத்தான் பெட்டியைப் பிரித்தது போல மின்னின. இடப்பக்கக் கதவின் உட்புறக் கைப்பிடி மட்டும் அழுகிக் கிடந்தது. மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உள்ளே குழி குழியாக, ஓரமெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கல்யாண வீட்டு வரிசையில் ஒருவர் மட்டும் பல் விளக்காமல் வந்து சிரிப்பது போல.

"போன மாசம்தான் உள்ளே இருக்கற உலோகம் அத்தனையும் புதுப்பிச்சிருக்கா. இதை மட்டும் விட்டிருக்கா," என்றார் சீஃப். "வண்டியை விக்கலாம்னு லிஸ்ட் போட்டுப் பரிசோதிச்சப்பதான் கண்ணுல பட்டது. இந்த சீட்டையும் பாருங்க. கடைசிவரை பின்னால தள்ளியிருக்கு. உயரமான ஆளு. வாரா வாரம் இங்க உக்காந்து, இதைப் பிடிச்சுக்கிட்டு..." கனைத்துக்கொண்டு தொடர்ந்தார். "நான்காவது. முப்பத்தாறு வருஷம் என்னோட வாழ்ந்தவ. அவ படத்தைக் கழற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பி வச்சிருக்கேன். அதைத் திரும்ப மாட்டறதா, தூக்கிப் போடறதான்னு எனக்குத் தெரியணும். எழுத்துமூலமா."

கடைசி வார்த்தையில் அதிகாரி திரும்பி வந்துவிட்டார். ஆனால் சர்வேயர் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் வந்ததிலிருந்து கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தன. கார் சாவியைக் கொடுக்க மட்டும் ஒரு கை வெளியே வந்து, உடனே உள்ளே போய்விட்டது. கட்டியிருந்த கடிகாரம் பிளாஸ்டிக். மூக்குக்கண்ணாடியின் சட்டமும் பிளாஸ்டிக்.

"அவங்க போன் எங்க சார்?" என்று அண்ணி கேட்டாள்.

"அணைச்சு டிராயர்ல வச்சிட்டேன். அவ போன அன்னிக்கும் மறுநாளும் நூலகத்துலேருந்து விடாம கூப்பிட்டாங்க. திரையில 'நூலகம்'னு வந்தது. ஆறு தடவை. புத்தகம் திருப்பித் தரலைன்னா இவ்வளவு கண்டிப்பான்னு எனக்கே ஆச்சரியம்."

"மறுநாள்னா ஞாயிற்றுக்கிழமை சார். நூலகம் லீவு," என்றாள் அண்ணி.

சீஃப் அந்த உண்மையைக் குறித்துக்கொள்ளவில்லை.

*

பட்டறை நகரத்தின் பின்பக்கத்தில், டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்தது. சின்னக் காரை சர்வேயர் ஓட்டினார். சீஃப் மறுபடி டாக்ஸியில் பின்தொடர்ந்தார். அண்ணி மடியில் புகாரை விரித்து வைத்திருந்தாள்.

"தம்பி, ரெண்டு விஷயம். மூணு பிரதியையும் மூலையில ஊசிநூலால தைச்சிருக்காரு. குண்டூசி இல்ல, கிளிப் இல்ல, ஸ்டேப்ளர் இல்ல. இவ்வளவு பெரிய ஆபீஸ் நடத்தின மனுஷன், கோப்பைத் துணி மாதிரி தைக்கிறாரு."

"ரெண்டாவது?"

"முதல் பக்கத்துல தன் சரித்திரம் பூரா இருக்கு. வாங்கின விருது பதினொண்ணு. அதுக்குக் கீழே 'பிள்ளைகள்'னு ஒரு வரி. 'இல்லை'ன்னு இருக்கு. ஆனா அந்த 'இல்லை' வெள்ளை மை மேல ஏறி உக்காந்திருக்கு." அண்ணி நகத்தால் சுரண்டினாள். "கீழே 'ஒன்று'ன்னு இருக்கு."

சர்வேயர் கியரை ஒரு படி குறைத்தார்.

பட்டறையின் பலகையில் 'வாகன உள் அழகியல் மற்றும் உலோக மறுமலர்ச்சி நிபுணர்' என்று எழுதியிருந்தது. மறுமலர்ச்சி நிபுணர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சமையலறையில் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, ஒரு பழைய வளையத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பல் விளக்கும் பிரஷ், பஞ்சு, மெழுகு டப்பா.

"இவ்வளவுதானா மறுமலர்ச்சி?" என்றாள் அண்ணி.

"மேல் துருவுக்கு இது போதும்மா. சோப்புத் தண்ணியில கழுவி, இதால தேய்ச்சு, துடைச்சு, மெழுகு போட்டா வெளுத்துரும். குழி விழுந்துட்டாத்தான் கழற்றி முலாம் பூசணும். எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் பலகை எதுக்கு?" நிமிர்ந்தவர் வெளியே நின்ற காரைப் பார்த்தார். முகம் மாறியது. "அந்தம்மா வரலையா?"

சர்வேயர் சொன்னார். பாலிஷ்காரர் கையிலிருந்த வளையத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"பத்துப் பதினோரு வருஷமா வராங்க," என்றார். "வருஷத்துக்கு ஒரு தடவை. அந்த இடப்பக்கக் கைப்பிடி மட்டும். கழற்றி, முலாம் பூசி, மாட்டிக் கொடுப்பேன். அடுத்த வருஷம் பார்த்தா மறுபடி அரிச்சிருக்கும். போன மாசம் வந்து தலைகீழாச் சொன்னாங்க: மத்த எல்லாத்தையும் மின்ன வை, இதை மட்டும் தொடாதே. பைத்தியமாம்மான்னு கேட்டேன். 'பார்க்க வேண்டியவர் பார்க்கணும்'னாங்க. மூச்சு வாங்கிச்சு. உக்காந்து உக்காந்துதான் பேசினாங்க."

"ஒரு கைப்பிடி ஒரு வருஷத்துல இப்படி ஆகுமா?"

"எல்லார் கைக்கும் ஆகாது. சிலர் வேர்வை அப்படி. பெரிய பட்டறையில துருக்கைன்னு சொல்வாங்க. தொட்டா மறுநாளே இரும்புல ரேகை பூக்கும். நுணுக்கமான மெஷின்கிட்ட அவங்களை விடமாட்டாங்க. ஆயிரத்துல ஒருத்தர். பெரும்பாலும் அப்பன்கிட்டேருந்து வரும்." பாலிஷ்காரர் யோசித்தார். "நான் ஒருதடவை சொன்னேன், ஏம்மா வருஷா வருஷம் அலையறீங்க, கையில ஒரு துணியைச் சுத்திக்கிட்டு உக்காரச் சொல்லக்கூடாதான்னு. 'வேண்டாம். இந்த ஒரு இடத்துலயாவது கையை ஒளிக்காம உக்காரட்டும்'னாங்க."

அண்ணியின் வாயில் ஏதோ கிண்டல் தயாராக இருந்தது. அது அப்படியே உள்ளே போய்விட்டது.

சர்வேயர் விடைபெற எழுந்து, பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். பாலிஷ்காரர் எட்டி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"இதையும் போன மாசம் நான்தான் தேய்ச்சுக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது!" சாவியின் தலையில், கட்டைவிரல் படும் இடத்தில், பழுப்பு நிறத்தில் முழு ரேகை பூத்திருந்தது. அவர் வாசலை எட்டிப் பார்த்தார். "கைப்பிடியை அரிச்ச அந்தாளு உங்ககூட வந்திருக்காரா? அவரு கைதானே இது?"

வாசலில் டாக்ஸி. அதன் பின்சீட்டில் ஆறடி மனிதர், கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு, பட்டறைப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பத்தொன்பது நாளா சாவி அவர்கிட்டதான் இருக்கு," என்றார் சர்வேயர் மெதுவாக. "ஆனா அவரு இந்தக் கார்ல ஏறினதே இல்ல அண்ணி."

அண்ணி புகாரை மடித்துப் பையில் போட்டாள். "மணி மூணரை. இன்னிக்கு என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்கா தம்பி?"

*

"சார், டாக்ஸியை அனுப்பிடுங்க. இதுல ஏறுங்க. இடப்பக்கம்."

"நான் இந்த டப்பாவுல..."

"எழுத்துமூலமா வேணும்னா ஏறித்தான் ஆகணும்," என்றாள் அண்ணி, பின்சீட்டிலிருந்து.

சீஃப் குனிந்து, மடங்கி, ஏறினார். யாரோ ஒரு உயரமானவருக்காகப் பின்னால் தள்ளிய சீட்டு அவருடைய காலுக்கு அளவெடுத்தது போல இருந்தது. அது அவருக்கும் தெரிந்தது. முகம் கடுத்தது.

பட்டறைத் தெருவின் முதல் பள்ளத்தில் கார் துள்ளியது. சீஃபின் இடக்கை தன்னிச்சையாகப் பையிலிருந்து வெளியே வந்து கைப்பிடியைப் பற்றியது. நாலு விரலும் நாலு குழியில் உட்கார்ந்தன. கட்டைவிரல் மேலே ஒரு பள்ளத்தைத் தேடிப் போகவில்லை. ஏற்கனவே அதில்தான் இருந்தது.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"பாயிண்ட் போட்டுச் சொல்லட்டுமா சார்?" என்றார் சர்வேயர், சாலையைப் பார்த்தபடி. "உலோகம் தொடறதில்லை நீங்க. கடிகாரம், கண்ணாடி, காகிதம் தைக்கிற நூல் வரைக்கும். அளவீட்டுத் துறையோட தலைமைப் பொறியாளர், சர்வீஸ் முழுக்க ஒரு கருவியையும் வெறுங்கையால தொட்டிருக்க மாட்டார். ஊர் அதை அந்தஸ்துன்னு நினைச்சிருக்கும்."

சீஃபின் விரல்கள் கைப்பிடியில் இன்னும் அழுந்தின.

"இந்தக் கைப்பிடியை அரிச்சது உங்க கை மாதிரி ஒரு கை. உங்க கால் மாதிரி நீளமான கால். அது வெளியாள் இல்ல சார். வெள்ளை மைக்குக் கீழே இருக்கற ஆளு."

கார் இரண்டு சிக்னல் கடந்தது. மூன்றாவதில் சிவப்பு விழுந்தபோது சீஃப் பேசினார். இந்த முறை எண் போடவில்லை.

"என் துறையிலதான் சேர்த்தேன். பரிசோதனைக் கூடத்துல. ஒருநாள் ஒரு செட் அளவுக்கட்டை முழுக்கத் துரு. நாட்டுக்கே அளவு சொல்ற எஃகுக் கட்டைங்க. யார் கைன்னு விசாரணை. விசாரணை அதிகாரி நான்." நிறுத்தினார். "முந்தின நாள் ஒரு விருந்தாளிக்குக் காட்டறப்ப நானும் எடுத்துக் காட்டினேன். கையுறை போட மறந்துட்டேன். அவனும் அன்னிக்கு அதுல வேலை பார்த்தான். ரெண்டு பேருக்கும் ஒரே கை. எது கெடுத்ததுன்னு கடவுளுக்கே தெரியாது. அவன் கைன்னு எழுதினேன்."

பச்சை விழுந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சர்வேயர் வண்டியை நகர்த்தினார்.

"வேலை போச்சு. வீட்டுக்கு வந்து, 'அது உங்க கையாவும் இருக்கலாமேப்பா'ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டான். வெளியே போடான்னேன். அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது, நீயும் அவன் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினேன். பதினோரு வருஷம். அவ மறுபேச்சு பேசல. சத்தியத்தை... கடைசியில மீறிட்டா, இல்ல?"

"மீறல சார்," என்றாள் அண்ணி. குரலில் கிண்டல் துளியும் இல்லை. "காருக்கு ஏது வாசப்படி?"

சீஃபின் தோள் ஒரு முறை குலுங்கி நின்றது. "ஒரு கடிதம் எழுதி வச்சிருக்கலாமே" என்றார்.

"எழுதியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் நேர்மையாக யோசித்தார். அதற்காகவே சர்வேயருக்கு அந்த மனிதரை அப்போது கொஞ்சம் பிடித்தது. "வரிசை எண் போட்டு, கோப்புல வச்சிருப்பேன்."

"அது அவங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு பொருளை விக்கறதுக்கு முன்னாடி லிஸ்ட் போட்டுப் பரிசோதிப்பீங்கன்னும் தெரியும். ஒண்ணு கண்ணுல படணும்னா மத்ததெல்லாம் மின்னணும். முப்பத்தாறு வருஷம் உங்களோட இருந்து கத்துக்கிட்டது சார்."

*

விளையாட்டரங்கத்துப் பார்க்கிங்கில் அன்று ஆட்டம் எதுவும் இல்லை. சாயங்கால வெயிலில் வெறும் கோடுகள் போட்ட சிமெண்டுத் தரை. காவலாளி சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது காரை அடையாளம் கண்டு, "ரெண்டு வாரமா அம்மாவைக் காணோமே" என்றான். உள்ளே எட்டிப் பார்த்தவன், இருந்த மூன்று முகத்தையும் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. மணி நாலு ஐந்து.

தூரத்துத் தூணோரம் ஒருவர் நின்றிருந்தார். உயரம். முப்பத்தைந்து வயதிருக்கும். காதோரம் நரை தொடங்கியிருந்தது. இரண்டு கையும் கால்சட்டைப் பைக்குள். காரைக் கண்டதும் அந்தக் கைகள் வெளியே வந்தன. முகம் முழுக்க ஒரு நிம்மதி பரவியது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று சர்வேயருக்குப் பிறகு பல நாள் தோன்றியது. ஓட்டமும் நடையுமாக வந்தார். வரும்போதே திட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, ஒரு போன் பண்ணக் கூடாதா? மூணு வாரமா மனுஷன்..."

இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். திறந்த பிறகுதான் உள்ளே இருந்தவரைப் பார்த்தார். பிறகு டிரைவர் சீட்டைப் பார்த்தார். அங்கே ஒரு அந்நியர். மறுபடி தகப்பனைப் பார்க்கவில்லை. அந்நியரையே பார்த்தபடி கேட்டார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

சர்வேயர் தன் தொழிலில் எத்தனையோ கெட்ட செய்தி சொன்னவர். ஆனால் இது தான் சொல்லவேண்டிய செய்தி அல்ல என்று வாயை மூடிக்கொண்டார்.

சீஃப் மடங்கி, சிரமப்பட்டு இறங்கினார். எதிரெதிரே நின்றார்கள். ஒரே உயரம். ஒருவர் மற்றவரின் வயதான உருவம் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"முதலாவது..." என்றார் சீஃப். இரண்டாவது வரவில்லை.

மகனுக்கு அதுவே போதுமாக இருந்தது. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போ?"

"பத்தொன்பது நாளாச்சு. தூக்கத்துலயே."

"நான் போன் பண்ணேனே."

"நூலகம்னு வந்தது," என்றார் சீஃப். "நான் எடுக்கல. ஆறு தடவை அடிச்சது."

"ஒன்பது," என்றார் மகன். "அணைச்சதுக்கு அப்புறமும் மூணு தடவை."

சீஃப் இரண்டு கையையும் முன்னால் நீட்டினார், உள்ளங்கை மேலாக. பரிசோதனைக்கு வைப்பது போல. பதினோரு வருடத்துக்கு முன் வைத்திருக்க வேண்டியவை.

"இதுவாவும் இருந்திருக்கலாம்," என்றார். "நான் எழுதல. அவ படத்தை... இன்னிக்குக் காலைல வரைக்கும் நான் அவளை..."

மகன் அந்தக் கைகளைத் தொடவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, எப்போதும் போல இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முன் கண்ணாடி வழியே காலி மைதானத்தைப் பார்த்தார். நாலு விரலும் நாலு குழியில். தோள் மட்டும் அசைந்தது. பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்த கியர் வளையத்தையும் பட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் விரலுக்குக் கீழே மின்னாமல் இருந்ததைப் பார்த்தார். அம்மா அதை யார் கண்ணில் படுவதற்காக விட்டுவைத்தாள் என்று அவருக்கும் விளங்கியது.

சீஃப் வெளியே, வெயிலில், எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்.

அண்ணி பின்கதவைத் திறந்து, தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மறு ஓரத்துக்கு நகர்ந்தாள். "ஏறுங்க சார். இடம் இருக்கு."

இடம் இல்லை. முன்சீட்டு கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. சீஃப் எப்படி மடங்கினாலும் முழங்கால் அதன் முதுகில் இடித்தது. ஒருவாறு ஒருக்களித்து உட்கார்ந்தார். மூச்சு விடவும் பயந்தவர் போல அசையாமல் இருந்தார். சர்வேயர் சாவியைத் திருகினார். பழுப்பு ரேகை அவர் விரலுக்குக் கீழே சொரசொரத்தது. கையிலிருந்த சீட்டை என்ன செய்வதென்று தெரியாமல், வெயில் மறைப்புக்குப் பின்னால் இருந்த கட்டோடு சேர்த்துச் சொருகினார்.

"எங்க போகணும்?" என்று பொதுவாகக் கேட்டார்.

"வீட்டுக்கு," என்றார் சீஃப். "ஒரு படத்தைத் திருப்பி மாட்டணும். கழற்றினப்ப ஆணியும் கூடவே வந்துடுச்சு. எனக்கு ஆணி அடிக்கத் தெரியாது. சுத்தியலைத் தொட்டதில்ல." கொஞ்சம் பொறுத்து, முன்சீட்டின் முதுகைப் பார்த்து, மிக மெல்ல, "உனக்குத் தெரியுமா?" என்றார்.

மகன் திரும்பவில்லை. கார் காவலாளியைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சாலைக்கு வந்தது.

முதல் திருப்பத்தில் மகன் வலக்கையைக் கீழே விட்டு, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியை இழுத்தார். பதினோரு வருடமாக நகராத சீட்டு 'கிரீச்' என்று முனகி, ஒரே ஒரு பல் அளவு முன்னால் நகர்ந்தது.